ஸ்டேஷனுக்கு டைல்ஸ் போட்டது யார்?

வன்னியபெருமாள் டைல்ஸ் போட்ட குளியலறையில் தண்ணீர் தேங்காது. கரமனையிலும் அதைச் சுற்றியுள்ள நாலைந்து இடங்களிலும் இது பலருக்கும் தெரிந்த சங்கதி. எந்த மூலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாலும் அது யாரிடமும் வழி கேட்காமல் நேரே ஓட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தென்காசிப் பக்கத்திலிருந்து பதினேழு வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர். மலையாளம் சரளமாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார். ஆனால் கோபம் வருவதே அபூர்வம். அவருக்கும் சேர்த்து மனைவி உலகம்மாள் கோபப்பட்டு வந்தாள்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் போன மே மாதம் ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு, பைபாஸ் ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வைத்து, சட்டைக் காலரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

மூன்றாம் மாடியில் ஜினி என்ற பெண்ணின் வீட்டுக் குளியலறையில் அவருக்கு வேலை. ஜினி கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவள். காலையில் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவாள், ராத்திரி வந்துதான் வாங்குவாள். அன்றைக்குச் சீக்கிரம் வந்தவள் மூன்று பவுன் செயினைக் காணாமல் பதறிப்போய்ப் போலீஸைக் கூப்பிட்டாள். வந்தவர் சப் இன்ஸ்பெக்டர் விபின். எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிற சின்ன வயசுக்காரர். வீட்டைத் தேடவில்லை, அலமாரியைத் திறக்கவில்லை. "வெளி ஆள் யார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு கீழே வந்து, மாடியெல்லாம் எட்டிப் பார்க்க, "கள்ளன்!" என்று ஒரு சத்தம் போட்டார். விசாரணை அத்தோடு முடிந்தது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அங்குள்ள குளியலறையைப் பார்க்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவு நன்றாக இருக்கிறது அது.

அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்டேஷனில் பெண் போலீசாருக்கென்று ஒரு குளியலறை மூன்று வருஷமாகப் பாதியில் நின்றிருந்தது. டைல்ஸ் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியபடி கிடந்தன. அடுத்த வாரம் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, லாக்கப்பில் ஒரு டைல்ஸ் கொத்தனார் தன் கருவிப் பையோடு உட்கார்ந்திருந்தார். விபினுக்கு மூளை வேலை செய்தது. "சும்மாதானே இருக்கே? இதைப் போட்டுக் கொடு" என்றார்.

இரண்டு நாள் வன்னியபெருமாள் டைல்ஸ் போட்டார். பகலில் குளியலறை, ராத்திரி லாக்கப். பதினொன்றாம் தேதி சாயங்காலம் ஜினி போன் செய்து, செயின் வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் மடிப்புக்குள் கிடைத்துவிட்டது என்று அழுதாள். விபின் வெளியே வந்து, "போய்க்கோ. ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே" என்றார். மனசில்தான் வைத்துக்கொள்ள முடியும். கையில் வைத்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம்கூட அவருக்குத் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உலகம்மாள் அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அடிபடவில்லை என்று தெரிந்த பிறகு அழுதாள். அழுது முடித்த பிறகு சண்டைக்கு வந்தாள்.

"சரி, போடச் சொன்னானுவ, போட்டீங்க. வாட்டம் எதுக்குப் பாத்தீங்க? தண்ணி நடுவுல நிக்கட்டும்னு விட வேண்டியதுதான?"

வாட்டம் என்பது தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. வன்னியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"கை அப்படித்தாம்ட்டி போவுது. நான் என்ன செய்ய?"

"கை போவுதாம்லா, கை!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. டைல்ஸ் வேலைக்காரனிடம் ஜனங்கள் வீட்டையே ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். அலமாரி, அடுக்களை, படுக்கையறை எல்லாம் திறந்து கிடக்க, அவன் தனியாக உள்ளே இருப்பான். அவன் பெயரோடு 'கள்ளன்' என்ற சொல் ஒட்டிக்கொண்டால் தொழில் முடிந்தது. அடுக்குமாடிச் சங்கத்தார் அவர் பெயரை வாசல் காவல்காரனிடம் எழுதிக் கொடுத்து, உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டார்கள். ஜினி எவ்வளவோ மன்றாடியும் சங்கம் இறங்கி வரவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள், "பின்னே விளிக்காம்" என்று போனை வைத்தார்கள். பிறகு கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். கூப்பிட மாட்டோம் என்பது உள்ளர்த்தம். ஐந்து வாரமாக வன்னியபெருமாள் மண் சுமந்துகொண்டிருந்தார். மட்டம் பார்க்கும் ரசமட்டமும் ரப்பர் சுத்தியலும் பைக்குள் தூங்கின.

அப்போதுதான் மாளவிகாவிடமிருந்து போன் வந்தது. கரமனை அக்ரஹாரத்துப் பெண், வக்கீல். அவள் வீட்டுக் குளியலறையை இவர்தான் போட்டிருந்தார். இப்போது அடுக்களைக்குப் போட வேண்டுமாம்.

"நான் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தவன்ம்மா. அதைக் கேட்டுக்கிட்டுப் பொறவு கூப்பிடுங்க" என்றார் வன்னியபெருமாள்.

மாளவிகா போனை வைத்துவிட்டு அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"வன்னியபெருமாள், அவா உங்ககிட்ட எதுலயாவது கையெழுத்து வாங்கினாளா? அரெஸ்ட்டுன்னு சொல்லி ஒரு பேப்பர்? ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமில்லம்மா."

"மாமிகிட்ட ஆராவது விவரம் சொன்னாளா?"

உலகம்மாளுக்கு இந்தக் கேள்வி போதும். "எங்க சொன்னாக! மறுநாளு காவக்காரன் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஓடிப்போயி ஸ்டேஷன் வாசல்ல நிக்கேன், அப்படி ஒரு ஆளே இங்க இல்லங்காக. உள்ள டைல்ஸ் வெட்டுத மிசின் கிர்ருன்னு கேக்குது. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? ஆளு இல்லையாம், மிசின் தானா வெட்டுதாம்!"

மாளவிகா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"ஒருத்தரைப் பிடிச்சா இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு நிறுத்தணும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் வெச்சாலும் தப்பாக்கும். வீட்டுக்காராளுக்குச் சொல்லணும். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வெள்ளைக் கடுதாசில எழுதினாப் போறும். தமிழ்லயே எழுதலாம், கேட்டேளா?"

"வேண்டாம்மா. போலீஸோட நமக்கு எதுக்கு?" என்று வன்னியபெருமாள் எழுந்துவிட்டார்.

உலகம்மாள் சொல்லிப் பார்த்தாள், மாளவிகாவும் சொல்லிப் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. பயம்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாக்கப் தரையில் இரண்டு ராத்திரி படுத்தவருக்குத்தான் அது தெரியும். கடைசியில் மாளவிகா அந்த ஸ்டேஷனின் பேஸ்புக் பக்கத்தைத் தேடி எடுத்து, போனை அவர் கையில் கொடுத்தாள்.

சப் இன்ஸ்பெக்டர் விபின் குளியலறைத் தரையில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். கையில் கொத்தனார் கரண்டி. முகத்தில் மந்தகாசம். 'பெண் காவலர்களுக்காக, எங்கள் கையாலேயே, இரண்டு நாள் சிரமதானத்தில்!' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. இரண்டாயிரம் பேருக்கு மேல் விரும்பியிருந்தார்கள். சபாஷ் என்று ஒருவர், நாட்டுக்கே முன்மாதிரி என்று ஒருவர்.

வன்னியபெருமாள் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அவர் காது சிவந்தது.

"ஏ... இது என் கரண்டிலா! அதையும் தலைகீழா பிடிச்சிருக்கான் பாரு!" என்று சுத்தத் தமிழில் கத்தினார்.

காலரைப் பிடித்தபோது வராத கோபம், கள்ளன் என்றபோது வராத கோபம், இப்போது வந்துவிட்டது. மனு அன்றைக்கே எழுதப்பட்டது.

ஆணையத்தின் முதல் விசாரணை ஜூலையில் நடந்தது. விசாரித்தவர் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. எல்லோரும் அவரை நீதிபதி என்றேதான் சொன்னார்கள். நாகர்கோவிலில் படித்தவர், தமிழ் நன்றாகப் புரியும். வெள்ளைச் சட்டையும் தூங்குமூஞ்சியுமாக இருப்பார். தூங்குகிறார் என்று நம்பி வாயை விட்டவர்கள் பலர்.

விபின் இஸ்திரி கலையாத சீருடையில் வந்து அறிக்கை கொடுத்தார். அப்படி ஓர் ஆளை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரவே இல்லை. வாசலில் இரண்டு வார்த்தை விசாரித்து அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் ஸ்டேஷன் கேமரா பழுதாக இருந்தது. டைல்ஸ் போட்டது தாங்கள்தான், பேஸ்புக் படம் இணைக்கப்பட்டுள்ளது. அவரோடு லிபி என்ற பெண் கான்ஸ்டபிளும் வந்திருந்தாள். அவளைக் கேட்டபோது நிமிராமல், "நான் ஒண்ணும் பார்க்கலை சார்" என்றாள்.

அதைக் கேட்டு வன்னியபெருமாள் அவளையே பார்த்தார். லாக்கப் கம்பி வழியாகத் தனக்குச் சோற்றுப் பொட்டலம் நீட்டியவள் இவள்தான்.

நீதிபதி பேஸ்புக் படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் தூக்கம் கலைந்தது. அந்தச் சமயம் அவர் வீட்டிலும் குளியலறை வேலை நடந்துகொண்டிருந்தது என்பதும், போட்டவன் சொதப்பியதால் தண்ணீர் நடுவில் குளம் கட்டி நின்றது என்பதும், அதற்காக வீட்டம்மாவிடம் அவர் தினமும் பாட்டு வாங்கிக்கொண்டிருந்தார் என்பதும் அப்புறம்தான் வெளியே தெரிந்தது.

"நீங்களேதான் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"நானேதான் சார். கூட ரெண்டு பேர் உதவி."

"நல்லது. திருவனந்தபுரத்துல நல்ல டைல்ஸ்காரன் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் நீதிபதி மிகுந்த மரியாதையோடு. விபின் பெருமையாகப் புன்னகை செய்தார். விசாரணையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள்.

இரண்டாம் விசாரணைக்குப் போனபோது ஆணைய அலுவலகத்தின் பின்வாசல் வராந்தாவில் ஆறு டைல்ஸ், ஒரு சட்டி சிமெண்ட், மணல், ஒரு ரசமட்டம், ஒரு வாளித் தண்ணீர் எல்லாம் தயாராக இருந்தன. முழங்கால் உயரத்துக்குச் சுவர் வைத்து ஒரு சின்னத் தொட்டியும் கட்டியிருந்தார்கள். ஓரத்தில் தண்ணீர் போக ஒரு துளை. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு முறை இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். நீதிபதி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "குளியலறைன்னு நினைச்சுக்கோங்க. ஆறே ஆறு டைல்ஸ் போட்டுக் காட்டுங்க, சப் இன்ஸ்பெக்டர்" என்றார்.

விபின் வியர்த்தார். ஆனால் சாமர்த்தியசாலி. தொப்பியைக் கழற்றி வைத்து, சட்டைக் கையை மடக்கிவிட்டு இறங்கினார். இரண்டு வாரத்தில் யூடியூப் பார்த்துப் பழகியிருப்பார் போலிருந்தது. சிமெண்டைக் குழைத்த விதம் பரவாயில்லை. டைல்ஸை ஒவ்வொன்றாக வைத்து, தட்டி, ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. வராந்தாவில் கூடியிருந்த குமாஸ்தாக்கள் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள்.

வன்னியபெருமாளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டாவது டைல்ஸுக்கே எழுந்து நின்றார். மூன்றாவதுக்குக் கையைப் பிசைந்தார். நாலாவதை வைத்தபோது உலகம்மாள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "சும்மா கெடங்க, அவன் தோக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஐந்தாவதுக்கு அவரால் தாங்க முடியவில்லை.

"சார்! சார்! இது ஹால் இல்ல சார், பாத்ரூம்! மட்டமா வெச்சா எப்படிச் சார்? தண்ணி எங்க போவும்?"

விபின் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி அழகாக நடுவில்தான் நின்றது. "சரியாத்தானே இருக்கு?" என்றார். பாவம், அவர் உண்மையாகவே கேட்டார்.

நீதிபதி வாளியை எடுத்து ஊற்றச் சொன்னார். தண்ணீர் துளையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் கூடி, வட்டமாக, பளபளவென்று நின்றது. "என் வீட்டுலேயும் இதே மாதிரிதான்!" என்று நீதிபதி தன்னை மறந்து சொல்லிவிட்டார். வராந்தாவே கொல்லென்று சிரித்தது.

பிறகு வன்னியபெருமாளைப் போடச் சொன்னார்கள். அவர் ஈரச் சிமெண்டிலிருந்து விபின் போட்டதையெல்லாம் பதமாகக் கிளப்பிக் கழுவினார். நூல் கட்டினார். துளையின் பக்கம் விரல் கனம் தாழ்த்தினார். இரண்டு மாசத்துக்கு மேல் கரண்டி தொடாத கை; மாளவிகாவின் அடுக்களையைக்கூட வழக்கு முடியட்டும் என்று தள்ளி வைத்திருந்தார். முதல் டைல்ஸைத் தட்டும்போது அவருக்குக் கண் கலங்கியது. பேசிக்கொண்டே வேலை செய்வது அவர் வழக்கம். "ஸ்டேஷன்ல கதவு தரையில உரசிச்சுங்கய்யா. அதனால கதவோட அடியைக் கொஞ்சம் சீவினேன். கடைசியில ஒரு டைல்ஸ் குறைஞ்சிடுச்சு. வேற டிசைன்ல பூப் போட்டது ஒண்ணு மூலையில கெடந்தது. அதைக் கதவுக்குப் பின்னால மறைவா வெச்சேன். கதவைச் சாத்தினாத்தான் தெரியும்" என்றார்.

ஆறு டைல்ஸும் வைத்து முடித்ததும் நீதிபதி தானே எழுந்து வந்து வாளியைச் சாய்த்தார். தண்ணீர் ஓடியது. ஒரு சொட்டு நிற்காமல் ஓடியது. குமாஸ்தாக்கள் கைதட்டிவிட்டார்கள்.

விபின் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "வேற ஒரு கொத்தனாரைக் கூலிக்கு வெச்சிருக்கலாம். நான் எல்லாத்தையும் பார்க்க முடியுமா சார்?" என்று இழுத்தார்.

அப்போது, "சார்" என்று ஒரு குரல் கேட்டது.

லிபி. சுவரோரம் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். மலையாளத்தில்தான் சொன்னாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் வன்னியபெருமாளுக்கு விளங்கியது. "கதவுக்குப் பின்னால பூப் போட்ட டைல்ஸ் இருக்கு சார். கதவைச் சாத்தறது நாங்கதானே, எங்களுக்குத்தான் தெரியும். நாங்க ஏழு பெண்கள். மூணு வருஷமா பக்கத்துப் பெட்ரோல் பங்க்குக்குப் போய்க்கிட்டிருந்தோம். எங்களுக்குக் கதவு வெச்ச ஒரு இடம் கொடுத்தது இவர்தான். ரெண்டு நாளும் லாக்கப்புல இருந்தார். சோறு கொடுத்தது நான். தினம் அங்க கால் வைக்கறப்போ எனக்கு வெட்கமா இருக்கு. போன தடவை நான் சொன்னது பொய்."

உலகம்மாள் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாட்சியைத் தொடக் கூடாது என்று மாளவிகா சைகை காட்டினாள். உலகம்மாள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஆணையத்தின் உத்தரவு அக்டோபரில் வந்தது. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்தது, வேலை வாங்கியது, பொய் அறிக்கை கொடுத்தது என்று மூன்றும் எழுதியிருந்தது. விபின் மேல் துறை விசாரணை. அரசு இழப்பீடு. உண்மை சொன்ன லிபிக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது என்று தனியாக ஒரு வரி. எழுத்து மூலம் மன்னிப்பு. இதைப் படித்துச் சொல்லிவிட்டு, "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டார் நீதிபதி.

வன்னியபெருமாள் கைகட்டி நின்றார். "ஐயா, அவிய என்னைக் கள்ளன்னு காயிதத்துல சொல்லல. வாசல்ல, அத்தனை பேரு முன்னாடி சொன்னாவ. மன்னிப்பு மட்டும் காயிதத்துல வந்தா அந்த வீட்டுக்காரவங்களுக்கு எப்படித் தெரியும்? சொன்ன இடத்துல சொன்ன நேரத்துல வந்து எடுக்கணும். அது நடந்தாத்தான் எனக்கு வேலை."

இப்படி ஒரு வழக்கமில்லையே என்றார் அரசு வக்கீல். டைல்ஸ் போடச் சொல்கிற வழக்கம்கூட இதற்கு முன் இருக்கவில்லை என்றார் நீதிபதி. அந்த வரியும் உத்தரவில் சேர்ந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜீப் அந்த அடுக்குமாடி வாசலில் வந்து நின்றது. விபின் தனியாக இறங்கினார். உலகம்மாள் கல்யாணத்துக்குப் போகிறவள் போலப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நின்றாள். மாளவிகா வந்திருந்தாள்; சாதாரணச் சுடிதாரில் லிபியும் வந்திருந்தாள். சங்கத்துக்காரர்கள் வாசலில் கூட்டமாக நின்றார்கள். மாடிகளிலெல்லாம் தலைகள்.

விபின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏதோ தன் சட்டைப் பொத்தானிடம் ரகசியம் சொல்வதுபோல நாலு வார்த்தை முணுமுணுத்தார்.

"கேக்கல சார்!" என்றாள் உலகம்மாள். "அன்னைக்கு மூணாம் மாடி வரைக்கும் கேட்டுச்சு. இதுவும் அங்க வரைக்கும் கேக்கணும்லா?"

விபின் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து மாடிகளைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்தார். இந்த இடத்தில் அவருக்கும் கொஞ்சம் மரியாதை கொடுத்தாக வேண்டும், அரைகுறையாகச் செய்யவில்லை.

"வன்னியபெருமாள் கள்ளனல்ல!" என்று கத்தினார். "எந்தத் தப்பும் செய்யாத மனுஷனை நான் பிடிச்சுக்கொண்டு போனேன். ஸ்டேஷனுக்கு டைல்ஸ் போட்டது அவர். நான் இல்லை. எனக்கு மாப்பு தரணும்!"

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லா மாடியிலும் தட்டினார்கள். எதிர்ச் சாரிக் கடைக்காரர் விசிலே அடித்தார். காவல்காரன் ஓடிவந்து வன்னியபெருமாளைக் கட்டிக்கொண்டான். ஜினி படி இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சேட்டா, திங்கட்கிழமை வந்து பாக்கியை முடிச்சுத் தருவீங்களா? வேற யாரையும் நான் உள்ள விடல" என்றாள். ஆறு மாசமாக அவள் பக்கெட்டில் பிடித்துப் பிடித்துக் குளித்துக்கொண்டிருந்தாளாம். வன்னியபெருமாள் சரி சரி என்று தலையை ஆட்டினார். இப்படி ஒரு சந்தோஷம் தனக்கு வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு இல்லை என்று பிறகு சொல்லி, உலகம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கூட்டம் கலகலத்துக்கொண்டிருக்கையில் விபின் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். உத்தரவை நிறைவேற்றியாயிற்று என்று ஆணையத்துக்கு அனுப்ப வேண்டுமாம். கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

மாளவிகா கை நீட்டினாள். ஆனால் வன்னியபெருமாள் காகிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை. பதினேழு வருஷமாகப் பஸ் போர்டும் சிமெண்ட் மூட்டையும் படித்துப் பழகிய மலையாளம். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். சத்தமெல்லாம் மெல்ல அடங்கியது. மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"சார், என்னை ஒரு நாள் வெச்சிருந்ததா எழுதியிருக்கு."

"அது ஸ்டேஷன் ரைட்டர் அடிச்சது. சும்மா ஒரு சடங்குக்குத்தான். கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார் விபின்.

"இல்ல சார்." வன்னியபெருமாள் குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை, மலையாளத்திலேயேதான் சொன்னார். "ஒரு நாள் வெச்சிருக்க உங்களுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. ஒரு நாள்னு நான் கையெழுத்துப் போட்டா நீங்க ஒரு தப்பும் செய்யல, நான்தான் பொய்க் கேஸ் போட்டவன். எனக்கு நடந்தது ரெண்டாவது நாள் சார். அதை எழுதுங்க."

மாளவிகா வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். வக்கீல் சொல்ல வேண்டியதில் ஒரு சொல்கூட மிச்சம் இல்லை.

விபின் முகம் சிவந்தது. சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் நகர்வதாக இல்லை. காகிதத்தை வாங்கி ஜீப்பின் மேல் வைத்து, 'ஒரு' என்பதை அடித்து, மேலே 'இரண்டு' என்று எழுதினார்.

"பக்கத்துல உங்க கையெழுத்து, சார்" என்றார் வன்னியபெருமாள்.

விபின் போட்டார். தேதியும் போட்டார். வன்னியபெருமாள் இன்னொரு முறை விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கித் தன் பெயரை முழுசாக எழுதினார்.